ஏல வட்டத்துக்குள் ஒரு நாய்

“பேரு என்ன?” என்று கேட்டார் சீட்டு எழுதுகிற அம்மா. சொன்னேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மறுபடி சொன்னேன். வெறும் காற்றுதான் வந்தது. பிலவேந்திரன் என்று சொல்ல முதலில் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும் என்பது நாற்பத்தாறு வயதில், அரசு மருத்துவமனை வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. என் கீழ் உதட்டின் இடது பாதி பிய்ந்து தாடையில் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டு, துண்டுக்குள் மீன் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸ்.

இதைப் படிக்கிறவர்களில் நாய்க்கடி பட்டவர்கள் இருப்பீர்கள். கடிபட்ட பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் இருப்பீர்கள். பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், சண்டையும் போடுகிறேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் உற்சாகம் தாங்குவதில்லை. “கடி வாங்கிட்டு வந்து இம்புட்டு சந்தோசமா சொல்லுத ஆள நான் பாத்ததில்ல” என்று என் மனைவி செல்வராணி கேலி செய்வாள்.

நான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவன். விசைப்படகு கரைக்கு வந்ததும் மீனைத் தரையில் குவிப்பார்கள். வியாபாரிகள் அதைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். வட்டத்துக்குள் மீனும் நானும் மட்டும். மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் வாங்குகிறவன் யோசிப்பான், யோசித்தால் கேட்க மாட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே என் வாயால்தான்.

இப்போது நீங்களே சொல்லிப் பாருங்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. உதடு ஒட்டாமல் இதில் எதைச் சொல்ல முடியும்? அன்றைக்கு அந்த வராந்தாவில் உயிரைப் பற்றிப் பயப்பட எனக்குத் தெரியவில்லை. இனி ஏலம் கூற முடியுமா என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

கடித்த கதையைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் கோடையில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம் வரும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அது முடிந்து படகுகள் முதன்முதலாகத் திரும்பி வருகிற சாயங்காலம் எங்களுக்குத் திருநாள் மாதிரி. அன்றைக்குக் கூட்டம் எக்கச்சக்கம். வழக்கமாக ஒற்றை வரிசையாக நிற்கும் வட்டம் அன்று மூன்று நான்கு வரிசைக்கு நெருங்கி நின்றது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏலத்தைத் தொடங்கும் முன் குவியலிலிருந்து காரல் பொடி என்கிற சின்ன மீன் ஒன்றை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவேன். அங்கே சுற்றித் திரியும் நாய்களில் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடும். முதல் மீன் நாய்க்குப் போனால் அன்றைய ஏலம் நன்றாக ஏறும் என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. செவலை என்று ஒரு நாய், செம்பட்டை நிறம். நான் தொண்டையைக் கனைத்தாலே அது எங்கிருந்தாலும் வந்துவிடும். என்மேல் அதற்கு உயிர் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

அன்றும் வீசினேன். பின்னால் ஆள் மேல் ஆள் நின்றதால் மீன் யாருடைய காலிலோ பட்டு என் காலடிக்கே வழுக்கி வந்துவிட்டது. செவலையும் கால்களுக்கிடையே புகுந்து உள்ளே வந்துவிட்டது. நான் கூறிக்கொண்டே குனிந்து அந்த மீனை எடுக்கப் போனேன், இன்னொரு தடவை வீசலாம் என்று. அவ்வளவுதான். வலி முதலில் தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ சூடாக நிரம்பியது, அது என் இரத்தம்.

எங்கள் துறைமுகத்தில் எந்தக் காயத்துக்கும் ஒரே மருந்து ஐஸ்தான். கை நசுங்கினாலும் ஐஸ், கெளுத்தி முள் குத்தினாலும் ஐஸ். படகுக்காரர் மிக்கேல் அண்ணாச்சி பெட்டியில் கையை விட்டு அள்ளி என் வாயில் அப்பினார். “ஏலே, அமுக்கிப் பிடிலே, ரத்தம் நிக்கட்டும்” என்று ஆட்டோவில் ஏற்றினார். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐஸில் மீன் இரத்தம், செதில், நூறு பேர் கை எல்லாம் இருந்தது.

சிகிச்சை அறையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் துண்டை விலக்கிப் பார்த்தார். “ஐஸ் யாருங்க வச்சது?” என்றார். அண்ணாச்சி பின்னால் நகர்ந்துகொண்டார். மருத்துவர் குழாயைத் திறந்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் என் காயத்தைக் கழுவச் செய்தார். ஊசிக்கும் முந்திய மருத்துவம் அதுதான். இதை நீங்கள் கடித்த இடத்திலேயே செய்யலாம். ஐஸ், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

பிறகு அவர் விளக்கினார். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைக்க வைப்பது அநேகமாக முடியாது. ஆனால் அதற்கு முன் சிகிச்சை எடுத்துக்கொண்டால் தடுத்துவிடலாம். காலில் கடித்தால் மூளைக்குத் தூரம் அதிகம். முகத்தில் என்றால் பக்கத்து வீடு. அதனால் எனக்கு அவசரம். தடுப்பூசி வேலை செய்ய உடம்புக்குச் சில நாள் ஆகும்; அதுவரை காவல் காக்க இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த மருந்து) காயத்துக்குள்ளேயே போட வேண்டும் என்றார்.

போட்டார்கள். உதட்டுக்குள், தாடைக்குள், சுற்றிச் சுற்றி. கடித்தபோது வராத வலியெல்லாம் வட்டியோடு வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கத்தக் கத்த எனக்கே ஆச்சரியம், தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது! போனது உதடு மட்டும்தான் என்று அந்த வலியிலும் ஒரு சந்தோஷம்.

அதற்குள் செல்வராணி வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கையில் பருப்பு வாசனையோடு நின்றாள். “உடனே தச்சு விடுங்கம்மா, உதடு தொங்குதே” என்று அழுதாள். நாய்க்கடியை உடனே இறுக்கித் தைத்தால் கிருமி உள்ளே போய்விடும், மருந்து முதலில் ஊற வேண்டும், முகம் என்பதால் பிறகு தளர்வாக இரண்டு மூன்று தையல் மட்டும் போடுவோம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார், “அந்த நாய் எங்க இருக்கு?”

அண்ணாச்சி நிமிர்ந்தார். “கவலப்படாதீங்கம்மா. பயலுவ கம்ப எடுத்துட்டுப் போயிருக்கானுவ. இந்நேரம் கொன்னிருப்பானுவ.”

“கொல்லக் கூடாதுங்க! பத்து நாள் அதக் கவனிக்கணும். வெறி பிடிச்ச நாயா இருந்தா அதுக்குள்ள செத்துடும். நல்லா இருந்துச்சுன்னா கடிச்சப்போ அதுகிட்ட கிருமி இல்லன்னு அர்த்தம். அதுக்காக ஊசிய நிறுத்தி வைக்க மாட்டோம், அது இன்னைக்கே ஆரம்பம். ஆனா நாய் உயிரோட வேணும்.”

அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். “ஏலே, அடிக்காதீங்கலே! நிறுத்துங்கலே!” என்று அவர் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டு வரை எட்டிப் பார்த்தது. செவலை படகுப் பட்டறைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால் தப்பியிருந்தது. மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து அதைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நாள் என்ன பாடு பட்டோம் என்று சொல்லி முடியாது. ஊசி போட்டாயிற்று, பயம் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னது காதுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைத் தடவிப் பார்ப்பேன். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவே வந்து பத்தியம் சொன்னது. மீன் ஆகாது, கோழி ஆகாது, கத்தரிக்காய் ஆகவே ஆகாது. மீன் ஏலக்காரன் வீட்டில் மீன் ஆகாதாம்! மருத்துவரிடம் கேட்டபோது சிரித்தார். மெல்ல முடிந்த எதையும் சாப்பிடலாம், ஊசி நாள்களை மட்டும் தவற விடக் கூடாது என்றார். அன்று செல்வராணி மீனை வேக வைத்து முள் எடுத்துப் பிசைந்து கரண்டியால் ஊட்டினாள். பாதி உதட்டோரமாக வழிந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

பத்தாம் நாள் கால்நடை மருத்துவர் போன் செய்தார். செவலை வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்கிறதாம். செல்வராணி போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆனாலும் மீதி ஊசிகளை மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள்களில் போய்ப் போட்டுக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வெறி இல்லை என்றால் ஏன் கடித்தது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏலத்தின்போது வெளியூர் வியாபாரிகளுக்கு மீனைக் காட்ட யாராவது போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அன்றும் ஒருவர் எடுத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவர் அதை மெதுவாக ஓட விட்டார். ஐயா, நான் அப்படியே ஆடிப்போய்விட்டேன்!

நான் முதுகைக் காட்டிக் கூறிக்கொண்டிருக்கிறேன். செவலை உள்ளே வருகிறது. விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிறது. கூட்டம் நெருங்குகிறது. அது நுழைந்த இடத்தில் இப்போது இரண்டு கால்கள். திரும்பிப் பார்க்கிறது, அங்கேயும் கால்கள். வால் காலுக்குள் போகிறது. காது பின்னால் ஒட்டுகிறது. மூக்கை நக்கிக்கொள்கிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கடைக்கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்க்கிறது. மீன்மேல் வாயை வைத்தபடி கல்லாக உறைகிறது. பல் தெரிகிறது. அப்போதுதான் என் முகம் மேலேயிருந்து இறங்குகிறது.

“உறுமியிருக்கும், உங்களுக்குக் கேட்கலையா?” என்றார் மருத்துவர்.

என் சத்தத்தில் என்னத்தைக் கேட்பது! துறைமுகத்துக்கே கேட்கிற தொண்டையாயிற்றே.

“கடிக்கிறதுக்கு முன்னாடி அது எத்தனை தடவை சொல்லுது பாருங்க. பசி, வாயில சாப்பாடு, வெளிய போக வழி இல்ல, மேல ஒரு முகம். நல்ல நாய்னாலும் கடிச்சிடும்” என்றார். எங்களுக்குத் தடைக்காலத்தில் அரசு நிவாரணம் கொடுக்கிறது. ஆண்டு முழுக்க மீன் கழிவைத் தின்று பழகிய நாய்களுக்கு அந்த இரண்டு மாதமும் ஒன்றும் இல்லை. ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டு எலும்பும் தோலுமாகக் கிடக்கும். தடை முடிந்து கடல் திறந்த அன்றே நான் ஒரு மீனை வீசி அதைக் கால்களுக்கு நடுவே வரவழைத்திருக்கிறேன். என்மேல் அதற்கு உயிர் என்று நினைத்தேனே, அது மீன்மேல் வைத்த உயிர்.

அன்றிலிருந்து எனக்கு நாய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. தெருவில் நின்று நாய்களின் வாலையும் காதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளைக் கண்டால் பிடித்து வைத்துச் சொல்வேன்: தின்கிற நாயை, தூங்குகிற நாயை, குட்டி போட்ட நாயைத் தொடாதே. அதன் முகத்துக்கு நேரே உன் முகத்தைக் கொண்டுபோகாதே. துரத்தி வந்தால் ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நில். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் முகத்தையும் கையால் மூடிக்கொள். உளறலும் வழிசலுமாக நான் சொல்வதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் என் உதட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

உதடு மூடி ஆறிவிட்டது. ஆனால் இடது பாதியில் உணர்ச்சி இல்லை. அதற்குப் போகிற நரம்பு அறுந்திருந்தது. வளர்ந்தாலும் மெதுவாகத்தான் வளரும், வளராமலும் போகலாம் என்றார் எனக்கு ஊசி போட்ட மருத்துவர். ஆகஸ்டில் பனிமய மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு பொறுக்க மாட்டாமல் ஏலத்துக்குப் போய் நின்றேன். மூன்றாவது விலையிலேயே எச்சில் வழிந்தது. “நாப்பது” என்பது காற்றாகப் போனது. யாரோ சிரித்தார்கள். மிக்கேல் அண்ணாச்சி என் தோளில் கை வைத்து, “நீ செத்த நேரம் உக்காருலே” என்றார். வேறொருவர் ஏலத்தைத் தொடர்ந்தார். அதன்பின் எடை போடுகிற வேலைதான் பார்த்தேன். தராசுக்கு வாய் தேவையில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா கன்னத்தை உப்பச் சொன்னார், உதட்டுக்கிடையில் கரண்டியைப் பிடிக்கச் சொன்னார், கண்ணாடி முன்னால் ப, ம, வ சொல்லச் சொன்னார். எனக்கு அது சலித்துவிட்டது. ஒருநாள் குசினியில் தோசைக்கல்லைத் தூக்கி ஏலம் விட ஆரம்பித்தேன். செல்வராணிதான் வியாபாரி.

“அம்பது!” என்றேன்.

“கேக்கல. உதடு ஒட்டல” என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அம்... பது.”

“மெதுவா சொல்லுங்க. எந்த ரயில் போகுது? ஒட்டுற வரைக்கும் நான் கேக்க மாட்டேன்.”

“ஏளா, மெதுவா சொன்னா எவன் வாங்குவான்?”

“நான் வாங்குதேன்” என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டுத் தோசைக்கல் அவளுக்கே விலைபோனது. அதன்பின் தினமும் ஒரு பாத்திரம். இட்லிக் கொப்பரையை விற்க மட்டும் ஒரு வாரம் ஆயிற்று.

மறுபடி தடைக்காலம் வந்தது. நான் அண்ணாச்சியைத் துளைத்தெடுத்து, படகுக்காரர்களிடம் அரிசி கேட்டு, பட்டறைக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நாய்களுக்குத் தினமும் கஞ்சி ஊற்ற வைத்தேன். மாநகராட்சி வண்டி வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுபோய், கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக் கொண்டுவந்து விட்டது. கழிவு போட மூடி வைத்த டிரம் வந்தது. கடைசியாக, ஏல வட்டத்தில் கடல் பக்கம் இரண்டு ஆள் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும் என்றேன்.

“வட்டத்துல வாசல் விடணுமா? கலியாண வீடாலே நடக்குது?” என்றார் அண்ணாச்சி. ஆனால் கடல் திறக்கிற அன்று அவரே முன்னால் நின்று ஆள்களை விலக்கி இடைவெளி விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாலே, நீயே கூறு” என்றார்.

நான் வட்டத்துக்குள் போய் நின்றேன். எந்த மீனையும் வீசவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டேன். கால்கள் மட்டும்தான், நாய் இல்லை. முதல் விலையைச் சொன்னேன். உதடு ஒட்டியதா என்று எனக்குத் தெரியாது, காதில் விழுந்தால்தான் தெரியும். விழுந்தது. கேட்டார்கள்! அடுத்ததைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு நின்றேன். அந்த மூச்சில் படகு மோதும் சத்தம், ஐஸ் நொறுக்கும் சத்தம், ஆள்கள் கால் மாற்றும் சத்தம் எல்லாம் கேட்டது. இத்தனை வருஷமாக இதே இடத்தில் நின்றிருக்கிறேன், ஒன்றும் கேட்டதில்லை.

“எழு... பது” என்றபோது யாரோ விளைமீனைத் தூக்கி மறுபக்கம் போட்டார்கள். சட்டென்று இடது உதட்டில் ஏதோ சுருக்கென்றது. குளிர்ந்து, மெல்லியதாக, ஓரம் கூராக. நாக்கால் தொட்டேன். மீன் செதில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

“என்னலே ஆச்சு? கூறு!” என்றார் அண்ணாச்சி.

“செத்த இருங்க அண்ணாச்சி.”

எல்லாரும் இருந்தார்கள். ஒருவர்கூட நகரவில்லை. அந்தச் செதில் என் உதட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதை, அது ஒட்டியிருக்கிறது என்று எனக்கே தெரிவதை, நான் ஆற அமர அனுபவித்தேன். பிறகு “எண்பது” என்றேன், உதடு ஒட்டுவது தெரியத் தெரிய. ஏலம் முடியும் வரை செதிலை நான் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய், செல்வராணி விரலால் எடுக்கட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.